மொழிக்குப் பக்கத்தில் நாடு: இணைய மொழிக் குறியீடுகளின் வரலாறும் தமிழும்

ஆய்வுச்சுருக்கம்

இணையதளம் ஒன்றைப் பல மொழிகளில் அமைக்கும்போது மொழிக் குறியீடும் நாட்டுக் குறியீடும் ஒரே தொடராக இணைத்து எழுதப்படுகின்றன. இவ்விணைப்பு எத்தேவையால் தோன்றியது, எச்சிக்கல்களால் தளர்ந்தது என்பதை 1967 முதல் 2009 வரையிலான தர ஆவணங்களின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. நாட்டுக் குறியீடு பல வேளைகளில் மொழி வேறுபாட்டைச் சுட்டவில்லை, எழுத்து, எண் வடிவம், நாணயம் முதலிய பிறவற்றுக்குப் பதிலியாகவே நின்றது என்பது இக்கட்டுரையின் கருத்து. அப்பதிலி வழக்கம் தமிழ்த் தரவுகளில் இன்றும் நீடிப்பதும் அதன் விளைவுகளும் இறுதிப் பகுதிகளில் காட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மொழிக் குறியீடு, நாட்டுக் குறியீடு, தன்மொழியாக்கம், ஐஎஸ்ஓ 639, பிசிபி 47, பழந்தமிழ், பதிப்பு வரலாறு

குறிப்பு: உரோம எழுத்துக் குறியீடுகள் இக்கட்டுரையில் அவ்வெழுத்துகளின் பெயரொலியால் தரப்படுகின்றன. தமிழின் குறியீடு ‘டிஏ’, இந்தியாவின் குறியீடு ‘ஐஎன்’, இரண்டும் இணைந்தது ‘டிஏ-ஐஎன்’.

1. ஒரே ஈரெழுத்து, இரு பொருள்

தமிழ் ஆட்சிமொழியாகவோ பள்ளிப் பயிற்றுமொழியாகவோ விளங்கும் நாடுகள் நான்கு. அவற்றின் ஈரெழுத்துக் குறியீடுகளை மொழிப் பட்டியலில் தேடினால் வியப்பான முடிவு கிடைக்கிறது. மலேசியாவின் ‘எம்வை’ மொழிப் பட்டியலில் பர்மிய மொழியைக் குறிக்கிறது. சிங்கப்பூரின் ‘எஸ்ஜி’ மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் சாங்கோ மொழியைக் குறிக்கிறது. இந்தியாவின் ‘ஐஎன்’ 1989 வரை இந்தோனேசிய மொழியின் குறியீடாக இருந்தது. இலங்கையின் ‘எல்கே’ ஒன்றே மொழிப் பட்டியலில் இடம்பெறாதது. தமிழின் ‘டிஏ’கூட நாட்டுப் பட்டியலில் டிரிஸ்டன் ட குன்யா என்னும் அட்லாண்டிக் தீவுக்கென ஒதுக்கிவைக்கப்பட்டுள்ளது.

இரு பட்டியல்களும் வெவ்வேறு குழுக்களால், வெவ்வேறு நோக்கங்களுக்காக ஆக்கப்பட்டவை. ஆகவே இம்மோதல்கள் இயல்பானவையே. மொழியைச் சிற்றெழுத்தாலும் நாட்டைப் பேரெழுத்தாலும் எழுதுவது மரபு. ஆயினும் குறிச்சொல் விதிகளின்படி எழுத்தின் சிறுமை பெருமைக்குப் பொருள் வேறுபாடு இல்லை. முதலில் நிற்பது மொழி, பின்னர் நிற்பது நாடு என்னும் வரிசையே பொருளைத் தருகிறது. ஓர் இணையதள முகவரியில் ‘எம்வை’ என்னும் அடைவு மட்டும் நிற்குமாயின், அது மலேசியப் பகுதியா பர்மியப் பகுதியா என்பதை அதனை அமைத்தவரே அறிவார். ஐக்கிய இராச்சியத்திற்கு ‘ஜிபி’ என்று எழுதவேண்டிய இடத்தில் ‘யுகே’ என்று எழுதி, உக்ரேனிய மொழியைக் குறித்துவிடுவதும் இவ்வகையினதே.

இவை பிழைகள், திருத்தத்தக்கவை. இவற்றினும் ஆழமான வினா ஒன்று உண்டு. மொழியைச் சுட்டவேண்டிய இடத்தில் நாடு ஏன் வந்து நின்றது?

2. நூலகத்தில் பிரிந்திருந்தவை

கணினியில் மொழிகளுக்குக் குறியீடு இட்ட முன்னோடிகளுள் நூலகத்தார் முதன்மையானவர். 1960களில் அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தில் ஹென்றியட் ஆவ்ரம் வழிநடத்திய மார்க் திட்டம் நூற்பட்டியல் அட்டையைக் கணினி படிக்கும் பதிவாக மாற்றியது. அதில் மொழிக்கு மூன்றெழுத்துக் குறியீடு வகுக்கப்பட்டது. தமிழுக்கு ‘டிஏஎம்’. பின்னாளில் 1998இல் வெளிவந்த ஐஎஸ்ஓ 639-2 தரம் பெரிதும் இப்பட்டியலிலிருந்தே உருவானது.

மார்க் பதிவில் வெளியீட்டு நாட்டுக்கும் குறியீடு உண்டு. எனினும் அது தனியிடத்தில் அமைந்தது. இன்றைய மார்க் 21 வடிவத்தின் 008 புலத்தில் 15 முதல் 17 வரையிலான இடங்கள் வெளியீட்டு இடத்திற்கும், 35 முதல் 37 வரையிலானவை மொழிக்கும் உரியவை. யாழ்ப்பாணத்தில் அச்சான தமிழ் நூலும் சென்னையில் அச்சான தமிழ் நூலும் மொழிப் புலத்தில் ஒன்றே, இடப் புலத்தில் மட்டும் வேறு. நூலகத்தார்க்கு இப்பிரிப்பு எளிதாய் இருந்ததற்குக் காரணம், நூல் எங்கே அச்சானது, எம்மொழியில் எழுதப்பட்டது என்னும் இரண்டையும் அட்டைக் காலம் முதலே தனித்தனி வினாக்களாகக் கேட்டுப் பழகியிருந்தமையே.

இப்பட்டியலின் பிறிதொரு பண்பும் கருதத்தக்கது. மார்க் நாட்டுப் பட்டியலில் இலங்கையின் குறியீடு ‘சிஇ’. சிலோன் என்னும் பழைய பெயரின் எச்சம் அது. 1972இல் நாட்டின் பெயர் மாறியது, குறியீடு மாறவில்லை. ஏற்கெனவே பதிவான பல்லாயிரம் அட்டைகளைத் திருத்துவதைவிடப் பழைய எழுத்துகளை வைத்துக்கொள்வதே மேல் என்னும் நூலகப் பட்டறிவு இதில் தெரிகிறது. இப்பட்டறிவை மென்பொருள் உலகம் பின்னர் பெரும் இடர்ப்பாட்டின் வழியே கற்றது.

3. மென்பொருளில் இணைந்தவை

கலைச்சொல், அகராதிப் பணிகளை முன்னிட்டு மொழிகளுக்கான குறியீடுகள் 1967இல் ஐஎஸ்ஓ பரிந்துரையாக வெளிவந்தன. 1988இல் ஈரெழுத்துக் குறியீடுகளைக் கொண்ட ஐஎஸ்ஓ 639 தரம் வந்தது. நாடுகளுக்கான ஐஎஸ்ஓ 3166 தரம் 1974இல் முதன்முதல் வெளியிடப்பட்டது. இவ்விரு பட்டியல்களையும் ஒரே பெயராகக் கோத்தது யுனிக்ஸ் மரபாகும்.

1989இல் தரமாக்கப்பட்ட சி நிரல்மொழி, ‘லோகேல்’ எனப்படும் வட்டார அமைவைப் பல கூறுகளாகப் பிரித்தது. அகரவரிசை, எழுத்து வகை, நாணயம், எண் வடிவம், நாள் நேர வடிவம் ஆகியன அக்கூறுகள். அகரவரிசை மொழியைச் சார்ந்தது. நாணயம் நாட்டைச் சார்ந்தது. எண் வடிவம் சில இடங்களில் மொழியையும் சில இடங்களில் நாட்டையும் சார்ந்தது. இவையனைத்தையும் ஒரே பெயரால் அழைக்க வேண்டியிருந்தமையால் மொழி, அடிக்கோடு, நாடு, புள்ளி, எழுத்துக் குறியேற்றம் என்னும் வரிசையில் பெயரிடும் வழக்கம் யுனிக்ஸ் அமைப்புகளில் பரவியது. ஒரு பயனருக்கு ஒரு கணினியில் தேவையான விருப்பங்களின் தொகுப்பு என்ற அளவில் இதில் குறையில்லை. இப்பெயர் பயனரைப் பற்றியதேயன்றி உரையைப் பற்றியதன்று.

1995 மார்ச்சில் ஹெரால்ட் ஆல்வெஸ்டிராண்டு எழுதிய ஆர்எஃப்சி 1766 ஆவணம் வேறொரு தேவைக்காக எழுந்தது. மின்னஞ்சல் முதலிய இணையச் செய்திகளின் உரை எம்மொழியில் உள்ளது என்று அறிவிப்பதே அதன் நோக்கம். அதுவும் முதலில் மொழி, இணைப்புக்கோடு, பின்னர் நாடு என்னும் அமைப்பை ஏற்றது. இரண்டாம் உட்குறி ஈரெழுத்தாயின் அது ஐஎஸ்ஓ 3166 நாட்டுக் குறியீடே என்று வகுத்தது. பயனரின் விருப்பத் தொகுப்பைப் போன்ற ஒரு வடிவம் இவ்வாறு உரையின் மொழியைச் சுட்டும் குறிச்சொல்லாயிற்று. 1997இல் வந்த எச்டிடிபி 1.1 நெறிமுறை, உலாவி தன் பயனரின் மொழி விருப்பத்தை வழங்கிக்கு இதே வடிவில் தெரிவிக்கச் செய்தது. அவ்வாண்டின் இறுதியில் வெளிவந்த எச்டிஎம்எல் 4.0 பக்கத்தின் மொழியையும் இதே வடிவில் குறித்தது. இது எம்மொழி உரை, இவர் எந்நாட்டுப் பயனர் என்னும் இரண்டு வினாக்களுக்கும் ஒரே விடை என்றாயிற்று. இன்றைய தன்மொழியாக்கக் குழப்பங்களுள் பெரும்பாலானவற்றின் வேர் இதுவே என்பது என் கணிப்பு.

4. நிலையாமையின் விலை: 1989, 1993, 2003

குறியீடு என்பது நிலையான பெயர் என்னும் நம்பிக்கை முதலில் மொழிப் பட்டியலிலேயே தகர்ந்தது. 1989இல் எபிரேயத்தின் ‘ஐடபிள்யூ’ ‘எச்இ’ ஆகவும், இந்தோனேசியத்தின் ‘ஐஎன்’ ‘ஐடி’ ஆகவும், இத்திஷ் மொழியின் ‘ஜேஐ’ ‘வைஐ’ ஆகவும் மாற்றப்பட்டன. புதியவை பொருத்தமானவையே. ஆனால் எட்டாண்டுகளுக்குப் பின் 1997இல் ஜாவா நிரல்மொழி தன் லோகேல் வகுப்பை அறிமுகப்படுத்தியபோது பழைய மூன்றையே உள்வடிவமாகக் கொண்டது. நிரலர் புதிய குறியீட்டைக் கொடுத்தாலும் ஜாவா அதனைப் பழையதாக மாற்றியே வைத்துக்கொண்டது. இந்நிலை 2021இல் வெளிவந்த ஜாவா 17 வரை நீடித்தது. அப்பதிப்பிலும் பழைய நடத்தையை விரும்புவோர்க்கு ஒரு விருப்பத்தேர்வு விடப்பட்டது. ஆண்டிராய்டு செயலிகளில் இந்தோனேசிய மொழிச் சரங்களைக் கொண்ட கோப்புறை பழைய ‘ஐஎன்’ பெயரைத் தாங்கி நிற்பதைக் கண்டு, அதனை இந்தியாவுக்குரியது என்று கருதும் தொடக்க நிலை நிரலர் பலர். அவ்விரண்டு எழுத்துகள் 1989இல் கைவிடப்பட்டவை என்பதை அவர்க்கு எடுத்துரைப்பார் இல்லை.

நாட்டுப் பட்டியலில் நேர்ந்தது இதனினும் கடுமையானது. செக்கோசிலோவாக்கியாவின் குறியீடு ‘சிஎஸ்’. 1993 சனவரி முதல் நாளில் அந்நாடு இரண்டாகப் பிரிந்தது. குறியீடு விலக்கப்பட்டது. யூகோசுலாவியக் கூட்டாட்சி 2003இல் ‘செர்பியாவும் மொண்டெனேகுரோவும்’ என்று பெயர் மாறியபோது, விலக்கப்பட்ட அதே ‘சிஎஸ்’ அதற்கு வழங்கப்பட்டது. பத்தாண்டு இடைவெளியில் ஒரே குறியீடு இரு நாடுகளைச் சுட்டியது. இவ்விரண்டுக்கும் அப்பால், மொழிப் பட்டியலில் ‘சிஎஸ்’ செக் மொழியின் குறியீடு! 2006இல் மொண்டெனேகுரோ தனிநாடானது. ‘சிஎஸ்’ மீண்டும் விலக்கப்பட்டது. செர்பிய மொழிக்கு ‘எஸ்ஆர்’ என்பதோடு இந்நாட்டுக் குறியீட்டைச் சேர்த்து எழுதிய மென்பொருள்கள் மூன்றே ஆண்டுகளில் பழமையடைந்தன. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் டாட்நெட் தளம் செர்பிய மொழிக்கு முதலில் தரத்தில் இல்லாத ‘எஸ்பி’ என்னும் நாட்டுக் குறியீட்டையும், பின்னர் ‘சிஎஸ்’ஸையும், அதன்பின் ‘ஆர்எஸ்’ஸையும் பயன்படுத்த நேர்ந்தது. பேசுவோரும் எழுதுவோரும் அவரே. உரையில் ஓரெழுத்தும் மாறவில்லை. அரசு மாறியது, ஆகவே உரையின் மேல் ஒட்டிய சீட்டும் மாறியது.

இப்பட்டறிவின் விளைவே 2006 செப்டம்பரில் வந்த ஆர்எஃப்சி 4646. அடிசன் பிலிப்ஸ், மார்க் டேவிஸ் ஆகியோர் தொகுத்த இவ்வாவணம் மூல ஐஎஸ்ஓ பட்டியல்களை நேரடியாகச் சுட்டுவதைக் கைவிட்டது. இணைய எண் ஒதுக்க ஆணையமான ஐயானாவின் பொறுப்பில் உட்குறிப் பதிவேடு ஒன்றை அது நிறுவியது. அதில் ஒருமுறை ஏறிய உட்குறி நீக்கப்படுவதில்லை. வழக்கொழிந்தது என்று குறிக்கப்படும், மாற்று உட்குறி இருப்பின் அது காட்டப்படும், ஆனால் பொருள் மாறாது. ஐஎஸ்ஓ ஒரு நாட்டுக் குறியீட்டை வேறு நாட்டுக்கு மறுபடி வழங்கினாலும் பதிவேடு அதனைப் பின்பற்றாது. 2009இல் ஆர்எஃப்சி 5646 இதன் இடத்தைப் பெற்றது. இன்று பிசிபி 47 என்று வழங்குவது இதனையும், பொருத்தும் முறையைக் கூறும் ஆர்எஃப்சி 4647ஐயும் உள்ளடக்கியது.

5. நாடு எதற்குப் பதிலியாக நின்றது?

சீன மொழியின் வரலாறு இவ்வினாவுக்குத் தெளிவான விடை தருகிறது. தைவான் சீனம், சீனா சீனம் என்று நாட்டுக் குறியீட்டால் பிரித்தபோது உண்மையில் சுட்டப்பட்டவை மரபெழுத்தும் எளியவெழுத்தும் ஆகும். ஹாங்காங்கில் மரபெழுத்தே வழக்கு, சிங்கப்பூரில் எளியவெழுத்தே வழக்கு. எனவே ஹாங்காங் வாசகர் தம் எழுத்தைப் பெறத் தைவானைத் தெரிவுசெய்ய வேண்டியிருந்தது. 2004இல் எழுத்து முறைகளுக்கான ஐஎஸ்ஓ 15924 தரம் வெளிவந்தது. ஆர்எஃப்சி 4646 மொழிக்கும் நாட்டுக்கும் இடையில் எழுத்துக்கென நான்கெழுத்து உட்குறிக்கு இடம் தந்தது. அதுவரை நாட்டின்மேல் ஏற்றப்பட்ட சுமை இறங்கியது. செர்பிய மொழியின் சிரில்லிக், இலத்தீன் வடிவங்களும் இவ்வாறே பிரிந்தன.

எழுத்துக்கூட்டல் வேறுபாட்டிற்கும் தனி உட்குறிகள் உண்டு. ஜெர்மன் மொழியின் 1901, 1996 ஆகிய இரு எழுத்துக்கூட்டல் முறைகளும் அவ்வாண்டு எண்களையே உட்குறிகளாகக் கொண்டுள்ளன. இத்தாலியின் ரேசியா பள்ளத்தாக்கில் வழங்கும் சுலோவீனியக் கிளைமொழியைக் குறிக்க, சுலோவீனிய மொழியோடு இத்தாலியின் நாட்டுக் குறியீட்டைச் சேர்த்தால் போதும் என்று எவரும் கருதவில்லை. அக்கிளைமொழிக்கே உட்குறி பதியப்பட்டது. சில ஊர்களின் பேச்சுக்குக் கிடைத்த இந்நுண்மை பெருமொழிகள் பலவற்றுக்கு வாய்க்கவில்லை. கேட்போர் இருந்ததால் கிடைத்தது என்பதே இதற்குக் காரணம்.

தமிழில் 1978இல் தமிழ்நாட்டரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்திற்கு இத்தகைய உட்குறி தேவைப்படவில்லை என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. ‘ணை’, ‘லை’, ‘றா’ முதலியவற்றின் பழைய கூட்டுவடிவும் புதிய வடிவும் யூனிகோடில் ஒரே குறியேற்றம் உடையவை. வேறுபாடு எழுத்துருவில் மட்டுமே உள்ளது. ஜெர்மன் சீர்திருத்தம் சொல்லின் எழுத்துகளை மாற்றியது, தமிழ்ச் சீர்திருத்தம் எழுத்தின் வரிவடிவை மாற்றியது. முன்னதற்குக் குறிச்சொல் வேண்டும், பின்னதற்கு வேண்டா.

6. தமிழும் அதன் நாடுகளும்

2004 முதல் யூனிகோடு கூட்டமைப்பு நடத்திவரும் சிஎல்டிஆர் என்னும் பொது வட்டாரத் தரவுக் களஞ்சியமே இன்றைய உலாவிகள், கைப்பேசிகள், நிரல்மொழிகள் ஆகியவற்றின் எண், நாள், நாணய வடிவங்களுக்கு ஊற்று. அதில் தமிழுக்கு இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என நான்கு நாட்டு அமைவுகள் உள்ளன. வெறும் ‘டிஏ’ என்று குறித்தால் அது தமிழெழுத்திலமைந்த இந்தியத் தமிழ் என்றே விரித்துக்கொள்ளப்படும்.

இதன் விளைவை ஓர் எண்ணைக் கொண்டு காட்டலாம். பன்னிரண்டு இலட்சத்து முப்பத்து நான்காயிரத்து ஐந்நூற்று அறுபத்தேழு என்பது இந்திய அமைவில் 12,34,567 என்று அமையும். மலேசிய, சிங்கப்பூர் அமைவுகளில் 1,234,567 என்று அமையும். இலங்கை அமைவு, களஞ்சியத்தின் அண்மைக் காலப் பதிப்புகள் பலவற்றில், நேரத்திற்கு 24 மணி வடிவைத் தனியே பெற்றிருப்பினும் எண் பகுப்பை மட்டும் பொதுத் தமிழிலிருந்து, அதாவது இந்திய வழக்கிலிருந்து பெறுகிறது. சிங்கள அமைவோ மூன்றிலக்கப் பகுப்பை உடையது. சிங்களமும் தமிழும் ஆட்சிமொழிகளாக உள்ள நாட்டில், இருமொழி இணையதளம் ஒன்று எண்களைத் தானியங்கியாக வடிவமைக்குமாயின், ஒரே தொகை சிங்களப் பக்கத்தில் ஒரு வடிவிலும் தமிழ்ப் பக்கத்தில் வேறு வடிவிலும் தோன்றும். இலங்கை வங்கிக் கணக்குகளிலும் அரசுப் புள்ளிவிவரங்களிலும் மூன்றிலக்கப் பகுப்பே பெரிதும் பழகியது. அங்குள்ள தமிழ் வாசகர் தம் நாட்டு அரசின் பக்கத்தில் பிறநாட்டுக் காற்புள்ளியைக் காண்கிறார். மொழிபெயர்ப்பாளர் கண்ணில் இது படுவதில்லை, ஏனெனில் அவர் மொழிபெயர்க்கும் சரத்தில் எண் இல்லை. அது இயங்கும்போது வந்து சேர்வது.

கனடா, பிரான்சு, நார்வே முதலிய நாடுகளின் தமிழர்க்குக் களஞ்சியத்தில் தனி அமைவு இல்லை. ‘டிஏ-சிஏ’ என்னும் குறிச்சொல் விதிப்படி செல்லத்தக்கது, அதற்கான தரவு மட்டும் இல்லை. ஆர்எஃப்சி 4647 கூறும் தேடல் முறை வலப்புறத்திலிருந்து உட்குறிகளை ஒவ்வொன்றாகக் களைவது. எனவே ‘டிஏ-சிஏ’ ‘டிஏ’ ஆகும். ‘டிஏ’ இந்திய வடிவைத் தரும். டொராண்டோவில் ஆங்கிலப் பக்கத்தில் 1,234,567 என்று படித்தவர் மொழியை மாற்றியதும் 12,34,567 என்று படிப்பார். சொற்கள் தமிழாகவேண்டும் என்று மட்டுமே கேட்டார், காற்புள்ளிகளும் இடம்பெயர்ந்தன.

இவ்விடத்தில் இரு வினாக்களையும் பிரித்து வைப்பதே முறை. உரையின் மொழியைக் குறிக்கும்போது குறிச்சொல் எவ்வளவு குறுகலாமோ அவ்வளவு குறுகவேண்டும் என்பது ஆர்எஃப்சி 5646இன் அறிவுரை. வேறுபாட்டைக் காட்டத் தேவையில்லாத உட்குறியைச் சேர்க்கலாகாது. நான்கு நாட்டவரும் படிக்கும் ஒரு தமிழ்ப் பக்கத்திற்கு ‘டிஏ’ போதும். எண், நாணயம், நேரம் ஆகியவற்றிற்குப் பயனரின் நாட்டைத் தனியே கேட்டுப் பெறலாம். கூகுள் 2011இல் தேடுபொறிக்கென அறிமுகப்படுத்திய மாற்றுமொழிப் பக்கக் குறிப்பும் நாடின்றி மொழியை மட்டும் தருவதை ஏற்கிறது, மொழியின்றி நாட்டை மட்டும் தருவதை ஏற்பதில்லை. இருப்பினும் தமிழ்ப் பக்கங்கள் பலவற்றின் மூலநிரலில் ‘டிஏ-ஐஎன்’ என்பதே காணப்படுகிறது. வார்ப்புருவில் இருந்தது அப்படியே தங்கிவிடுகிறது.

7. பதிப்பாசிரியரின் நூலுக்கு எக்குறியீடு?

தமிழாய்வு உலகில் இவ்வழக்கம் எண் வடிவோடு நின்றுவிடுவதில்லை. மின்னூலகங்களும் தரவகங்களும் தம் உரைகளுக்கு நாட்டோடு கூடிய குறிச்சொல்லை இடும்போது இலக்கிய வரலாற்றிலும் பிழை நுழைகிறது. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைச் சென்னையில் பதிப்பித்தார். அந்நூலின் உரைக்கு இந்தியக் குறியீடா, இலங்கைக் குறியீடா? யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் அச்சகம் நடத்திய ஆறுமுக நாவலரின் பதிப்புகளுக்கு எது? மார்க் பதிவில் இவ்வினாக்கள் எழுவதில்லை. வெளியீட்டு இடம் ஒரு புலம், மொழி வேறொரு புலம். நூலகப் பதிவிலிருந்து இணையப் பக்கத்திற்குத் தரவு மாறும்போதே இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன.

அதே நூலுக்குள் நாட்டைவிட முக்கியமான வேறுபாடுகள் உள்ளன. ஐஎஸ்ஓ 639-3 பட்டியலில் பழந்தமிழுக்கு ‘ஓடிவை’ என்னும் தனிக் குறியீடு உண்டு. கலித்தொகைப் பாடல்களுக்கு அது பொருந்தும். பதிப்பாசிரியரின் முன்னுரைக்கு ‘டிஏ’ பொருந்தும். இடையில் நிற்கும் நச்சினார்க்கினியர் உரைக்குப் பொருந்துவது எது? ஆங்கிலத்திற்கும் பிரெஞ்சுக்கும் பழமை, இடைக்காலம், தற்காலம் என மூன்று குறியீடுகள் உள்ளன. தமிழில் இடைக்காலத்திற்குத் தனிக் குறியீடு இல்லை. பத்திதோறும் மொழியைக் குறிக்க எச்டிஎம்எல்லும், ஆய்வுப் பதிப்புகளுக்கான டிஇஐ வடிவமும் இடமளிக்கின்றன. ஆயினும் உரையாசிரியர் பகுதிக்கு அங்கு எழுதத்தக்க பொதுக் குறியீடு இல்லாமையால் தரவகங்கள் அதனைப் பாடலோடோ முன்னுரையோடோ சேர்த்துவிடுகின்றன. தமிழின் சொல் வரலாற்றைக் கணினியால் ஆராய்பவர்க்கு இது நேரடி இழப்பு. உரையாசிரியர் எடுத்தாளும் ஒரு சொல் சங்ககாலத்துச் சொல்லாகவோ பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சொல்லாகவோ எண்ணப்பட்டுவிடும்.

தற்காலிகமாகத் தனிப்பயன் உட்குறியை இடலாம். ‘டிஏ’ என்பதை அடுத்து ‘எக்ஸ்’ என்னும் ஓரெழுத்தும், அதன்பின் எட்டெழுத்துக்கு மிகாத ஒரு பெயரும் வருவது விதிக்கு உட்பட்டதே. ஆனால் அதன் பொருள் இட்டவர்க்கும் அவரோடு உடன்பட்டவர்க்கும் மட்டுமே புரியும். பொதுப் பொருள் வேண்டுமாயின் ஐயானாவின் பதிவேட்டில் வேறுபாட்டு உட்குறி ஒன்றைப் பதியவேண்டும். அதற்குரிய படிவம் ஒரு பக்க அளவினது. உட்குறி, அதன் விளக்கம், அது எம்மொழியோடு சேரும் என்னும் முன்னொட்டு, அதற்குச் சான்றான வெளியீடு ஆகியவற்றை அது கேட்கிறது. மொழிக் குறியீடுகளுக்கான மடலாடற் குழுவில் இரண்டு வாரம் கருத்துக் கேட்கப்படும். விண்ணப்பிப்பவர் ஓர் அரசாகவோ நிறுவனமாகவோ இருக்கவேண்டும் என்னும் விதி இல்லை.